சீபுரூக் பண்ணை நிறுவனம்

சீபுரூக் பண்ணை நிறுவனம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தின் தென்பகுதியில், கம்பர்லாந்து கவுண்டியில் அமைந்திருந்த காய்கறிப் பதப்படுத்தும் நிறுவனமாகும். சிறிய காய்கறித் தோட்டமாகத் தொடங்கிய இது, தகர டப்பாவில் அடைத்தல், விரைவாக உறைய வைத்தல் ஆகிய தொழில்நுட்பங்களின் துணையால் 1950களில் அந்நாட்டின் மிகப் பெரிய காய்கறி உறைவிப்பு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1955 இல் லைஃப் இதழ் இதனை உலகின் மிகப் பெரிய காய்கறித் தொழிற்சாலை என வர்ணித்தது. உறைய வைத்த உணவின் தொடக்க வரலாற்றிலும், பயன்பாட்டுக் காலநிலையியலின் வரலாற்றிலும் இந்நிறுவனத்துக்கு இடமுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட சப்பானிய அமெரிக்கர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் இங்குத் தொழிலாளர்களாக வந்து சேர்ந்தனர். இந்நிறுவனம் இன்று பேசப்படுவதற்கு அதன் கீரையையும் பட்டாணியையும் விட இதுவே பெரிய காரணம் எனலாம்.

அமைவிடம்

நிறுவனத்தின் ஆலையும் குடியிருப்புகளும் பிரிட்சுடன் நகருக்கு அருகில், அப்பர் டீர்ஃபீல்டு நகரியத்தில் அமைந்திருந்தன. நிறுவனத்தின் பெயரே பின்னர் ஊரின் பெயராகவும் ஆயிற்று. இப்பகுதி அத்திலாந்திக் கடற்கரைச் சமவெளியைச் சேர்ந்தது. மண் மணற்பாங்கான வண்டல். நீர் விரைவில் வடிந்துவிடும் என்பதால் இளவேனிலில் நிலம் முன்னதாகவே சூடேறி உழவுக்குத் தயாராகும். அதே காரணத்தால் கோடையில் பத்து நாள் மழை பெய்யாவிட்டால் பயிர் வாடிவிடும். நியூ யார்க், பிலடெல்பியா என்ற இரு பெருஞ் சந்தைகளும் எட்டும் தொலைவில் இருந்தமையால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்குக் காய்கறி வேளாண்மை தழைத்திருந்தது. நியூ செர்சிக்குத் தோட்ட மாநிலம் என்னும் பட்டப்பெயர் உண்டு.

தொடக்கம்

நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர் சார்லசு பிராங்க்ளின் சீபுரூக் (1881–1964). சி. எஃப். என்றே அறியப்பட்ட இவர், காய்கறி பயிரிட்டு விற்று வந்த ஆர்தர் சீபுரூக் என்பவரின் மகன். முறையான உயர்கல்வி இல்லாதவர். ஆயினும் தம்மை உழவர் என்பதை விடப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார். தந்தையின் தோட்டத்தில் மேல்நிலைக் குழாய்களின் வழியே செயற்கை மழையாக நீர் பாய்ச்சும் முறையை அவர் புகுத்தினார். நீண்ட குழாய்களைக் கம்பங்களின் மேல் பொருத்தி, அவற்றின் துளைகளிலிருந்து நீரைத் தெளிக்கும் இம்முறை, மணற்பாங்கான நிலத்தின் குறையைப் பெருமளவு போக்கியது. விளைச்சல் உயர்ந்தது, ஒரே நிலத்தில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயிர் எடுக்கவும் முடிந்தது.

1910களில் தந்தையின் பங்கை வாங்கிப் பண்ணையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட சி. எஃப்., அதனைத் தொழிற்சாலை ஒன்றை அமைப்பது போலவே அமைத்தார். பெரிய கண்ணாடிப் பசுமை இல்லங்கள், நீராவிக் கொதிகலன், மின் நிலையம், சாலைகள், தொடர்வண்டி இணைப்பு ஆகியவை உருவாயின. தானுந்து உற்பத்தியில் என்றி ஃபோர்டு செய்ததை வேளாண்மையில் செய்தவர் என இவரைப் புகழ்ந்து எழுதினர். இவ்வளவும் கடன் பணத்தில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் விளைபொருள் விலை சரிந்தபோது கடனைத் தாங்க இயலாமல் 1920களின் நடுப்பகுதியில் பண்ணை அவர் கையை விட்டுப் போனது. சில ஆண்டுகள் சாலை ஒப்பந்தப் பணிகளில் ஈடுபட்ட அவர், சோவியத் ஒன்றியத்தின் சாலை அமைப்புப் பணியிலும் பங்கெடுத்தார். பின்னர் பண்ணையை மீட்டுக்கொண்டு, இம்முறை பசுங்காய்களை அப்படியே சந்தைக்கு அனுப்புவதை மட்டும் நம்பாமல் பதப்படுத்தும் தொழிலில் இறங்கினார். டீர்ஃபீல்டு பேக்கிங் நிறுவனம் என்ற பெயரில் டப்பாவில் அடைக்கும் ஆலை இயங்கியது. பெல்ஃபோர்டு, கோர்ட்னி, ஜான் ஆகிய மூன்று மகன்களும் காலப்போக்கில் நிர்வாகத்தில் சேர்ந்தனர்.

டப்பாவிலிருந்து உறைவிப்புக்கு

பட்டாணி, அவரை, கீரை போன்ற புளிப்புக் குறைந்த காய்கறிகளை டப்பாவில் அடைப்பதில் ஒரு தவிர்க்க முடியாத சிக்கல் உண்டு. கொடிய நச்சை உண்டாக்கும் குளோசுட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் வெறும் கொதிநீர் வெப்பத்தில் அழிவதில்லை. எனவே அடைத்த டப்பாவை அழுத்தக்கலனில் ஏறத்தாழ 121 பாகை செல்சியசு வரை சூடாக்க வேண்டும். பண்டம் கெடாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆனால் கீரையின் பச்சை நிறம் ஆலிவ் நிறமாகும், பட்டாணி குழையும், சுவையும் மாறும். டப்பாக் காய்கறி என்பது தனிச் சுவையுடைய வேறொரு பண்டம் என்றே மக்கள் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

உறைய வைப்பதில் சிக்கல் வேறு வகையானது. மெதுவாக உறையும்போது உயிரணுக்களுக்கு இடையே பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து அணுச்சுவர்களைக் கிழிக்கின்றன. மீண்டும் இளகும்போது காய் நீர்விட்டுத் துவண்டுவிடும். கிளாரன்சு பேர்ட்சை என்பவர், பண்டத்தை அட்டைப்பெட்டிகளில் அடைத்து, குளிரூட்டப்பட்ட இரு உலோகத் தட்டுகளுக்கு இடையே அழுத்தி விரைவாக உறைய வைக்கும் பொறியை உருவாக்கினார். விரைவாக உறையும்போது படிகங்கள் மிகச் சிறியனவாகவே அமையும். அவருடைய நிறுவனத்தையும் காப்புரிமைகளையும் 1929 இல் வாங்கியவர்கள் அதனை ஜெனரல் ஃபுட்சு நிறுவனத்தின் பகுதியாக்கினர். 1930 மார்ச்சில் மாசச்சூசெட்சின் சுபிரிங்ஃபீல்டு நகரில் உறைய வைத்த உணவின் சோதனை விற்பனை தொடங்கியது.

மீனுக்கும் இறைச்சிக்கும் நன்கு பயன்பட்ட இம்முறை காய்கறிக்குப் போதவில்லை. உறைநிலையிலும் காயிலுள்ள நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருந்தன. சில வாரங்களில் பட்டாணியில் வைக்கோல் நாற்றம் ஏறியது. உறைய வைப்பதற்கு முன் கொதிநீரிலோ நீராவியிலோ ஓரிரு நிமிடங்கள் வாட்டி, உடனே குளிர்நீரில் ஆற்றினால் நொதிகள் செயலிழக்கும் என்பது கண்டறியப்பட்ட பின்னரே காய்கறி உறைவிப்பு தொழிலாக மாறியது. கீரையைக் கொதிநீரில் முக்கியெடுத்தால் நிறம் கெடாது என்பது சமையலறையில் பலரும் அறிந்த செய்திதான். ஆலையில் எத்தனை நொடிகள் வாட்டுவது, வாட்டம் போதுமானதா என எவ்வாறு சோதிப்பது என்பவற்றை வரையறுப்பதே கடினமாக இருந்தது.

ஜெனரல் ஃபுட்சுக்கு இப்போது பொறி இருந்தது, வணிகப்பெயர் இருந்தது. பறித்த காய் சில மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்து சேரும் பெரும் பண்ணை இல்லை. சீபுரூக்கிடம் அது இருந்தது. 1930களின் தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொண்டன. லைமா அவரையில் தொடங்கிப் பட்டாணி, கீரை எனப் பல காய்கறிகள் சீபுரூக்கில் உறைய வைக்கப்பட்டு, பேர்ட்சு ஐ என்னும் வணிகப்பெயரில் விற்கப்பட்டன. சீபுரூக் பண்ணை என்ற தன் சொந்தப் பெயரில் நிறுவனம் கடைகளுக்குச் சென்றது 1940களில்தான்.

போரும் இத்தொழிலுக்கு ஒரு வகையில் உதவியது. தென்கிழக்கு ஆசியாவை சப்பான் கைப்பற்றியதால் 1942 முதல் ஈயத்தகரம் கட்டுப்படுத்தப்பட்டது. டப்பா உணவு பங்கீட்டு முறைக்குள் வந்தது. உறைய வைத்த காய்கறிக்கோ தாள் அட்டைப்பெட்டியே போதும். அதுவரை இதனைத் தொடாத குடும்பங்கள் வேறு வழியின்றி வாங்கிப் பழகின.

1934 வேலைநிறுத்தம்

பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பண்ணையின் தொழிலாளர்களுள் இத்தாலியக் குடியேறிகளும் கறுப்பினத்தவரும் மிகுதியாக இருந்தனர். 1934 ஏப்ரலில், பதப்படுத்தும் ஆலை மற்றும் வேளாண் தொழிலாளர் சங்கத்தின் கீழ் இரு இனத்தாரும் இணைந்து வேலைநிறுத்தம் செய்தனர். இச்சங்கம் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிற்றுவித்த டொனால்டு என்டர்சன் இதன் அமைப்பாளர்களுள் முதன்மையானவர். நிருவாகம் இறங்கிவந்து ஆண்களுக்கு மணிக்கு 30 செண்டும் பெண்களுக்கு 25 செண்டும் தர ஒப்புக்கொண்டது.

இந்த உடன்பாடு கோடை வரை கூட நிலைக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஆட்குறைப்பும் கூலிக்குறைப்பும் வந்தன. மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. இம்முறை நிறுவனம் ஆயுதம் தாங்கிய காவலர்களைத் துணைக்கு அழைத்தது. தொழிலாளர் மீது கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன; பெண்களும் தாக்கப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளர்களை அச்சுறுத்தச் சிலுவைகள் எரிக்கப்பட்டன. கீரையும் அவரையும் வயலில் முற்றிக்கொண்டிருந்தன என்பதால் இரு தரப்புக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பாகவே இருந்தது. ஜூலையில் நடுவண் அரசு அனுப்பிய சமரசர் முன்னிலையில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. சங்கம் இதன் பின் இங்கு நிலைபெறவில்லை. வெவ்வேறு இனத்தவரை வெவ்வேறு குடியிருப்புகளில் வைக்கும் நிறுவனத்தின் வழக்கம் தொடர்ந்தது. இருப்பவற்றுள் மோசமான இருப்பிடங்களே கறுப்பினத் தொழிலாளர்க்குக் கிடைத்தன.

முகாம்களிலிருந்து வந்த தொழிலாளர்

1942 பெப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் பிறப்பித்த 9066 ஆம் ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வழியினர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு உள்நாட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். பின்னர், விசுவாச வினாத்தாள் ஒன்றை நிரப்பி, வேலையும் இருப்பிடமும் உறுதி செய்யப்பட்டவர்கள் மேற்குக் கடற்கரை தவிர்த்த பிற பகுதிகளுக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர்.

சீபுரூக்கிலோ இளைஞர்கள் போருக்குச் சென்றுவிட, இராணுவத்துக்கு வழங்க வேண்டிய காய்கறியின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. சமாய்க்கா, பார்படோசு ஆகிய கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். அருகிலுள்ள பார்வின் மாநிலப் பூங்காவில் வைக்கப்பட்டிருந்த செருமானியப் போர்க்கைதிகளும் வேலைக்கு வந்தனர். அப்போதும் ஆள் போதவில்லை. 1944 இல் ஆர்க்கன்சாசு மாநிலத்தின் ஜெரோம் முகாமிலிருந்து ஒரு சிறு குழு வந்து ஊரையும் ஆலையையும் பார்த்துச் சென்று, முகாமில் இருந்தவர்களிடம் நிலைமையை எடுத்துரைத்தது. அதன்பின் குடும்பம் குடும்பமாக மக்கள் வரத் தொடங்கினர். பத்து முகாம்களிலிருந்தும் வந்தவர்களின் எண்ணிக்கை போர் முடிந்த சில ஆண்டுகளில் 2,500 அளவை எட்டியது.

ஆறு மாதம் வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கூலி மணிக்கு 35 முதல் 50 செண்டு வரை. அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. இரு வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. கான்கிரீட் கட்டிகளால் கட்டிய நீண்ட கொட்டகைகளே வீடுகள். முகாமிலிருந்த கொட்டகைகளை அவை நினைவூட்டின எனவும், முள்வேலி மட்டும் இல்லை எனவும் அங்கு வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். ஆலைப்பணியில் பெண்களே மிகுதி. ஓடும் பட்டையின் இருபுறமும் நின்று சொத்தைக் காயையும் களைச் செடியையும் பொறுக்கி எடுப்பது அவர்கள் வேலை. பல துறைகளில் பட்டம் பெற்றவர்களும், கலிபோர்னியாவில் சொந்தப் பண்ணை வைத்திருந்தவர்களும் அப்பட்டையின் முன் நின்றிருந்தனர்.

இந்நிகழ்வை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன. வேறு பல முதலாளிகள் சப்பானியரை வேலைக்கு எடுக்கவே மறுத்த காலத்தில், குடும்பத்தோடு தங்க இடமும், குழந்தைகளுக்குப் பள்ளியும், கூட்டமாக வாழும் பாதுகாப்பும் சீபுரூக்கில் கிடைத்தன என்பது ஒன்று. போக வேறிடம் இல்லாதவர்களின் நிலையைப் பயன்படுத்தி, பிறர் ஏற்காத கூலிக்கும் நேரத்துக்கும் வேலை வாங்கியது நிறுவனம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. வந்தவர்களில் பலர் மேற்குக் கடற்கரை மீண்டும் திறக்கப்பட்டதும் திரும்பிச் சென்றனர். எஞ்சியவர்கள் வேர்விட்டனர். 1945 இல் ஒரு பௌத்தக் கோயில் நிறுவப்பட்டது. முன்னோரை நினைவுகூரும் ஓபொன் விழா ஆண்டுதோறும் ஊர் விழாவாகவே நடைபெற்றது. 1952 ஆம் ஆண்டுச் சட்டம் சப்பானில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை பெற வழி செய்தபின், சீபுரூக்கின் முதியவர்கள் வகுப்பில் அமர்ந்து படித்து அமெரிக்கக் குடிமக்கள் ஆயினர்.

இவர்களோடு வந்த மற்றொரு சிறு கூட்டத்தின் நிலை இன்னும் கடினமானது. அமெரிக்க அரசின் வற்புறுத்தலால் பெரு நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டு, டெக்சாசின் கிறிசுட்டல் சிட்டி முகாமில் வைக்கப்பட்டிருந்த சப்பானிய வழியினர் சிலர், போருக்குப் பின் திரும்பிச் செல்ல நாடின்றி நின்றனர். பெரு அவர்களை ஏற்கவில்லை. அமெரிக்காவோ, தானே கடத்தி வந்தவர்களைச் சட்டத்துக்கு மாறாக நுழைந்தவர்கள் என வகைப்படுத்தியது. அவர்களை நாடுகடத்தாமல் இருக்க வழக்கறிஞர் வேன் காலின்சு போராடினார். அவரது முயற்சியால் அவர்கள் நிபந்தனை விடுப்பில் சீபுரூக்குக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். 1988 ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் உயிரோடிருந்த ஒவ்வொரு சப்பானிய அமெரிக்கருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கியபோது இவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. பின்னர் ஒரு வழக்கின் உடன்பாட்டில் 5,000 டாலர் வழங்கப்பட்டது.

1948 ஆம் ஆண்டின் இடம்பெயர்ந்தோர் சட்டத்தின் கீழ், வேலையும் இருப்பிடமும் தர முன்வரும் ஒருவர் இருந்தால் ஐரோப்பிய ஏதிலிகள் அமெரிக்காவுக்குள் நுழையலாம் என்றாயிற்று. சீபுரூக் அதையும் பயன்படுத்திக்கொண்டது. செருமனியின் ஏதிலி முகாம்களிலிருந்து நூற்றுக்கணக்கான எசுத்தோனியர்களும் லாத்வியர்களும் வந்தனர். 1950களின் தொடக்கத்தில் அவ்வூரின் தெருக்களில் இருபதுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டதாகக் கூறப்படுகிறது.

பட்டாணி நாட்காட்டி

பட்டாணியை உறைய வைப்பதில் நேரமே எல்லாம். சரியான பருவத்தில் பட்டாணி இனிப்பாக இருக்கும். ஓரிரு நாள் கடந்தால் சர்க்கரை மாச்சத்தாக மாறி விதை கெட்டிப்படும். இக்கெட்டித்தன்மையை அளக்கவே மென்மைமானி என்னும் கருவி பதப்படுத்தும் ஆலைகளில் பயன்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பட்டாணி ஒரே வாரத்தில் முற்றினால், ஆலையின் கொள்ளளவுக்கு மேற்பட்டது வீணாகும். சீபுரூக்கில் இதுவே நடந்து வந்தது. நாளொன்றுக்கு இவ்வளவு என இளவேனிலில் ஒழுங்காகப் பிரித்து விதைத்தாலும், அறுவடை மட்டும் ஒன்றாகக் குவிந்து வந்தது. ஆட்கள் இரவும் பகலும் வேலை செய்தும் தீரவில்லை.

1946 இல் நிறுவனம் காலநிலையியலாளர் வாரன் தார்ன்துவெயிட்டைப் (1899–1963) பணிக்கு அழைத்தது. அரசின் மண் பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய இவர், வெப்பநிலையையும் பகற்பொழுதின் நீளத்தையும் கொண்டு, நிலமும் பயிரும் சேர்ந்து எவ்வளவு நீரை ஆவியாக வெளியேற்றக்கூடும் எனக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர். அதே கணக்கு பயிரின் வளர்ச்சியையும் காட்டும் என அவர் கருதினார். பட்டாணிச் செடிக்கு நாட்காட்டியின் நாள் பொருட்டன்று. முளைத்தது முதல் பறிக்கும் பருவம் வரை ஒவ்வொரு வகைப் பட்டாணிக்கும் ஏறத்தாழ மாறாத எண்ணிக்கையில் வளர்ச்சி அலகுகள் தேவை. குளிர்ந்த நாளில் சில அலகுகளும், வெப்பமான நாளில் பல அலகுகளும் சேர்கின்றன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஏப்ரல் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 10 அலகும், ஜூன் இறுதியில் நாளொன்றுக்கு 40 அலகும் சேர்வதாகக் கொள்வோம். ஏப்ரலில் ஒரு நாள் இடைவெளியில் விதைத்த இரு வயல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு 10 அலகுதான். அது ஜூனில் கால் நாளுக்குச் சமம். எனவே இரு வயல்களும் ஏறத்தாழ ஒரே நாளில் முற்றிவிடும். அறுவடையில் ஒரு முழு நாள் இடைவெளி வேண்டுமானால் விதைப்பில் நான்கு நாள் இடைவெளி விட வேண்டும். பருவம் செல்லச் செல்ல இவ்விடைவெளி குறைந்துகொண்டே வரும். தார்ன்துவெயிட் இவ்வாறு அறுவடை நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஆலை ஒரு நாளில் எவ்வளவு பட்டாணியைக் கையாள முடியுமோ அவ்வளவே ஒவ்வொரு நாளும் முற்றுமாறு விதைப்பு அட்டவணையை வகுத்தார். கணினிகள் பரவலாகாத அக்காலத்தில் இது தாளிலும் சிறப்பு நழுவுகோலிலும் செய்யப்பட்ட வேலை அட்டவணைப்படுத்தலே ஆகும். அறுவடைக் குவியல் தணிந்தது. இரவு வேலையும் வீணாகும் பட்டாணியும் பெரிதும் குறைந்தன.

இதே முறையில் பாசனமும் திட்டமிடப்பட்டது. மண்ணில் உள்ள நீரை வங்கி இருப்பாகவும், மழையை வரவாகவும், ஆவியாவதைச் செலவாகவும் கொண்டு நாள்தோறும் கணக்கெழுதினால், இருப்பு எப்போது ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்பது தெரியும். அன்று நீர் பாய்ச்சினால் போதும். தார்ன்துவெயிட் 1948 இல் வெளியிட்ட காலநிலை வகைப்பாடு உலகெங்கும் பரவியது. சீபுரூக்கிலும் அருகிலுள்ள சென்டர்டனிலும் இயங்கிய அவரது ஆய்வகத்துக்குப் பல நாட்டு ஆய்வாளர்கள் வந்தனர். இக்கருத்தின் அடிப்படையில் இந்தியாவின் நீர்ச்சமநிலையை வி. பி. சுப்பிரமணியம் கணக்கிட்டு 1956 இல் வெளியிட்டார். இந்தியப் புவியியல் பாடநூல்களில் மாணவர்கள் படிக்கும் தார்ன்துவெயிட் வகைப்பாட்டின் பின்னால் நியூ செர்சியின் ஒரு பட்டாணி வயலும் இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

உச்சநிலையும் விற்பனையும்

1950களில் நிறுவனத்தின் சொந்த நிலமும், ஒப்பந்த உழவர்களின் நிலமும் சேர்ந்து 50,000 ஏக்கர் அளவுக்கு விரிந்தன. சி. எஃப். மகன்களுள் இளையவரான ஜான் சீபுரூக் (1917–2009) பிரின்சிடன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். அவருடைய பொறுப்பில் விளம்பரமும் புதிய பண்டங்களும் வளர்ந்தன. பாலேடு சேர்த்துச் சமைத்த ஸ்பினாச் கீரையை நெகிழிப் பையில் அடைத்து உறைய வைத்து, பையோடு கொதிநீரில் போட்டுச் சூடாக்கி உண்ணும் வகையில் விற்றது அவற்றுள் பெயர் பெற்றது. (இக்கீரை தமிழகத்தில் பசலை எனப்படும் கொடிக்கீரை அன்று.)

தந்தைக்கும் மகன்களுக்கும் இடையே அதிகாரப் பூசல் முற்றியது. சி. எஃப். முதுமையிலும் நோயிலும் கூடப் பங்குகளின் கட்டுப்பாட்டை விட்டுத்தரவில்லை. 1959 இல் நிறுவனத்தை நடத்திவந்த மகன்களை ஒதுக்கிவிட்டு, தம்மிடமிருந்த பெரும்பான்மைப் பங்குகளை நியூ யார்க்கின் மளிகை மொத்த வணிக நிறுவனமான சீமன் பிரதர்சுக்கு விற்றார். 1964 இல் அவர் இறந்தார். ஜான் சீபுரூக் வேறு துறைக்குச் சென்று ஐயூ இன்டர்நேசனல் என்ற பெரு நிறுவனத்தின் தலைவரானார்.

குடும்பப் பூசலை மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூற இயலாது. காய்கறி உறைவிப்புத் தொழிலின் மையம் ஏற்கெனவே கலிபோர்னியாவுக்கும் பசிபிக் வடமேற்குக்கும் நகர்ந்துகொண்டிருந்தது. அங்கு நீண்ட வளர்பருவமும், அணைநீர்ப் பாசனமும், மழையால் குலையாத அறுவடையும் இருந்தன. குளிரூட்டிய வண்டிகள் பெருகியபின், கிழக்கு நகரங்களுக்கு அருகில் இருப்பதால் சீபுரூக்குக்குக் கிடைத்துவந்த நன்மை சுருங்கியது. 1973 இல் நெசவு நிறுவனமான சுபிரிங்சு மில்சு இதனை வாங்கியது. பழைய ஆலையில் காய்கறிப் பணி 1980களின் தொடக்கத்துக்குள் ஓய்ந்துவிட்டது.

பின்னர்

சி. எஃப். சீபுரூக்கின் பேரன்மார் 1978 இல் சீபுரூக் பிரதர்சு அண்டு சன்சு என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கி, அதே பகுதியில் புதிய ஆலை அமைத்து மீண்டும் காய்கறி உறைவிப்பில் இறங்கினர். பழைய நிறுவனத்தோடு சட்டப்படி இதற்குத் தொடர்பில்லை. கடைகளில் சீபுரூக் பண்ணை என்ற பெயருடன் பாலேட்டுக் கீரை பின்னரும் பல காலம் விற்பனையில் இருந்தது.

ஜான் சீபுரூக்கின் மகனும் அதே பெயருடையவருமான எழுத்தாளர் ஜான் சீபுரூக், நியூ யார்க்கர் இதழில் 1995 இல் தம் பாட்டனாரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். குடும்ப ஆவணங்களையும் 1934 நிகழ்வுகளையும் மேலும் ஆராய்ந்து அவர் எழுதிய கீரை மன்னர் பற்றிய நூல் 2025 இல் வெளிவந்தது. குடும்பத்தார் சொல்லிவந்த வெற்றிக் கதையில் இடம்பெறாத வேலைநிறுத்த வன்முறையும் இனப்பாகுபாடும் அந்நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளன.

அப்பர் டீர்ஃபீல்டு நகரிய அலுவலகக் கட்டிடத்தில் 1994 இல் சீபுரூக் கல்வி மற்றும் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. பண்ணையில் வேலை செய்தவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே இதனை முன்னின்று உருவாக்கினர். ஒளிப்படங்கள், வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், 1950களின் ஊர் அமைப்பைக் காட்டும் மாதிரி ஆகியவை இங்குத் திரட்டப்பட்டன. அம்மாதிரியில் ஆலையின் புகைபோக்கியும் நீர்த்தொட்டியும், எந்த இனத்தவர் எந்த வரிசை வீடுகளில் வாழ்ந்தனர் என்பதும் காட்டப்பட்டுள்ளன.